இரவில் பூக்கும் ஏறுகள்ளிகள்: காவிரி டெல்டா வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

கள்ளி என்றதும் நமக்கு மணலும் வெயிலும்தான் நினைவுக்கு வரும். அதனால்தான் பிரம்ம கமலம் வாங்கிவந்த பலர் அதை மொட்டை மாடியின் உச்சி வெயிலில் வைக்கிறார்கள். இல்லையென்றால் கொல்லையில் வயல்மண்ணிலேயே ஊன்றிவிடுகிறார்கள். இரண்டிலும் செடி தேறாது. இரவில் பூக்கும் ஏறுகள்ளிகள் பாலைவனச் செடிகளே அல்ல. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள், அமேசான் ஆகிய பகுதிகளின் காடுகளில் மரங்களின் மேல் தொற்றி வளர்பவை. கிளைக் கவட்டில் சேர்ந்து மட்கிய இலைக்குப்பையில் வேர்விடும். மழை பெய்தால் நனையும், நின்ற சற்று நேரத்தில் வேர் காய்ந்துவிடும். வெயிலும் இலைகளுக்கு ஊடாகத்தான் மேலே படும்.

டெல்டாவின் வெக்கையும் ஈரக்காற்றும் இவற்றுக்குப் பிடித்தமானவையே. பிடிக்காதது நம் களிமண்ணும், ஐப்பசி கார்த்திகையில் அதில் தேங்கும் தண்ணீரும். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் நான் பார்த்தவரை இந்தச் செடிகள் கோடையில் காய்ந்து சாவதைவிட அடைமழையில் அழுகிச் சாவதே அதிகம். ஆகவே கீழே சொல்லும் ஒவ்வொன்றும் ஒரே நோக்கத்துக்காகத்தான்: வேரைக் களிமண்ணிலிருந்து தூக்கி, மரத்தின் மேல் இருக்கும் நிலைமையை நம் வீட்டில் உண்டாக்குவது.

எதை வளர்க்கிறோம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

நர்சரிகளில் பெயர்ச்சீட்டை நம்ப முடியாது. நாலைந்து வகைகளுக்கு ‘இரவு ராணி’ என்ற ஒரே சீட்டைக் குத்தி வைத்திருப்பார்கள். பவழமல்லி அளவுக்குப் புதராக வளரும், கள்ளியே அல்லாத செஸ்ட்ரம் செடிக்கும் அதே பெயர்தான். பூ வரும்வரை காத்திருக்க வேண்டாம், தண்டைப் பார்த்தே பிரித்துவிடலாம்.

நம் வீடுகளில் பிரம்ம கமலம் என்றும், கேரளத்தில் நிஷாகந்தி என்றும் சொல்வது எபிஃபில்லம் ஆக்ஸிபெடாலம். தெற்கு மெக்சிகோவும் குவாத்தமாலாவும் இதன் தாயகம். உத்தராகண்டின் மாநில மலரான இமயமலைப் பிரம்ம கமலம் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு செடி, நம் வெப்பத்தில் அது பிழைக்காது. அதன் பெயரில் இணையத்தில் விதை விற்றால் வாங்காதீர்கள். நம்மூர்ச் செடியில் அடித்தண்டு உருண்டையாக, விறகுத்தன்மையோடு இருக்கும். அதிலிருந்து பிரிபவை தட்டையாக, இலை என்றே நினைக்கும்படி இருக்கும். அவை தண்டுகள்தான். ஓரத்தில் உள்ள சிறு பள்ளங்களில்தான் மொட்டு வரும். இது சுவரைப் பிடித்து ஏறுவதைவிட, எதிலாவது சாய்ந்து வளைந்து தொங்குவதையே விரும்பும். டெல்டாவில் முதன்முதலாக வளர்ப்பவருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

அடுத்தது செலினிசீரியஸ் கிராண்டிஃபுளோரஸ். ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் பெயரிட்டு விவரித்த செடி இது. உண்மையில் ‘இரவு ராணி’ என்ற பெயருக்கு உரியது இதுதான். கியூபா, ஜமைக்கா, மெக்சிகோ பக்கம் இயல்பாக வளர்கிறது. தண்டு விரல் பருமன்தான். 5 முதல் 8 வரை வரிமேடுகள் இருக்கும், சன்னமான முட்கள், இடையில் மயிர்கள். தண்டின் பக்கவாட்டில் காற்றுவேர்களை விட்டு மரப்பட்டையைப் பிடித்து ஏறும். வெளிப்புற இதழ்கள் மஞ்சளும் செம்பழுப்புமாகவும் உள்ளிதழ்கள் தூய வெள்ளையாகவும் இருக்கும், வெனிலா கலந்த மணம் வரும். ஹோமியோபதியில் ‘காக்டஸ் கிராண்டிஃபுளோரஸ்’ என்று வரும் மருந்தின் மூலச்செடியும் இதுவே.

இதனோடு குழம்புவது செலினிசீரியஸ் டெரான்தஸ். இதன் தண்டு இன்னும் தடித்தது. 4 முதல் 6 வரிமேடுகள், நீலப்பச்சையில் ஊதாச் சாயல், முட்கள் மிகக் குட்டையாக இருப்பதால் தடவினால்தான் தெரியும். நிறையப் பேர் கிராண்டிஃபுளோரஸ் என்று நினைத்து வளர்ப்பது இதைத்தான். வருத்தப்பட வேண்டாம், பூ அழகில் குறைவில்லை, மணம்தான் குறைவு.

டிராகன் பழம் தரும் செலினிசீரியஸ் அண்டேட்டஸை எல்லோருக்கும் தெரியும். மூன்று வரிமேடுள்ள தண்டு, 25 முதல் 30 செ.மீ. வரை நீளும் பூ. பழைய புத்தகங்களில் ஹைலோசீரியஸ் என்று இருக்கும். மரபணு ஆய்வுகளின் அடிப்படையில் 2017இல் அந்தப் பேரினத்தை செலினிசீரியஸோடு சேர்த்துவிட்டார்கள். குஜராத் அரசு 2021இல் இந்தப் பழத்துக்குக் ‘கமலம்’ என்று பெயர் வைத்ததும் நினைவிருக்கலாம். பழத்துக்காக மட்டுமே இதை வளர்ப்பவர்கள் பூ விரிவதை ஒரு முறையாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பேன்.

மீன்முள் வடிவத் தண்டுள்ள செலினிசீரியஸ் அந்தோனியானஸ் மெக்சிகோவின் சியாபாஸ் பகுதிக்காரன். தொங்கும் தொட்டிக்கு அருமையானது. பூக்காத பருவத்திலும் பார்க்க அழகாக இருக்கும். மஞ்சள் தோல் டிராகன் பழமான மெகலான்தஸின் பூ கள்ளிக் குடும்பத்திலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. ஆனால் அதன் ஊர் தென்னமெரிக்காவில், ஆண்டிஸை ஒட்டிய பகுதிகள். டெல்டா வெக்கையில் அது சுணங்கும், முதல் செடியாக எடுக்க வேண்டாம்.

வளர்க்க முடியாவிட்டாலும் சொல்லாமல் போக மனம் வராத ஒன்று உண்டு: அமேசானின் நிலாப்பூக் கள்ளி. முன்பு செலினிசீரியஸ் விட்டி என்றார்கள், இப்போது ஸ்ட்ரோஃபோகாக்டஸ் விட்டி. ஆண்டில் பல மாதங்கள் ஆற்று வெள்ளத்தில் மூழ்கிக் கிடக்கும் காட்டில், மரத்தண்டோடு ஒட்டித் தட்டையாகப் படரும். விதைகள் தண்ணீரில் மிதந்து பரவும். மார்கரெட் மீ என்ற பிரிட்டிஷ் ஓவியர் 1988 மே மாதம், தம் 79ஆவது வயதில், வெள்ளம் சூழ்ந்த காட்டில் படகில் இருந்தபடி அது விரிவதைப் பார்த்து வரைந்தார். ஒரே இரவு பூக்கும் பூவுக்காக ஒருவர் பல்லாண்டு காத்திருந்தார் என்றால், நம் வீட்டு வாசலில் பூக்கும் செடிக்கு இரண்டு மூன்று வருடம் பொறுப்பது பெரிய காரியமில்லை.

துண்டு எடுப்பது: மாசி, பங்குனியில்

விதை வேண்டாம், தண்டுத் துண்டே போதும். அக்கம்பக்கத்தில் பூக்கும் செடி இருந்தால் அதிலிருந்து கேட்டு வாங்குவதே சிறந்தது. அது என்ன வகை, எப்படிப் பூக்கும் என்று ஊரே பார்த்திருக்கும். மழைக்காலம் முடிந்து கத்திரி தொடங்காத மாசி, பங்குனி இதற்கு ஏற்ற காலம். ஐப்பசி, கார்த்திகையில் யார் கொடுத்தாலும் வாங்கி ஊன்றாதீர்கள்.

போன வருடத்துத் தண்டாக, முற்றியதாக, 15 முதல் 20 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். இளந்தண்டு சீக்கிரம் அழுகும். எது அடி, எது நுனி என்று வெட்டும்போதே அடையாளம் வையுங்கள். டிராகன் துண்டுகளில் இது சட்டென்று குழம்பிவிடும். அடிப்பக்கத்தைச் சாய்வாக வெட்டினால் பிறகு சந்தேகம் வராது.

வெட்டிய துண்டை அன்றே நடக்கூடாது. நிழலில், காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம் சும்மா போடுங்கள். வெட்டுவாயில் தோல் கட்டி, தொட்டால் வறண்டு கடினமாக இருக்க வேண்டும். மஞ்சள்தூள் தடவுபவர்கள் உண்டு. தடவலாம், ஆனால் காயவிடுவதற்கு அது மாற்றாகாது. காய்ந்தபின் 3 முதல் 5 செ.மீ. ஆழம் மட்டும் ஊன்றி, ஆடாமல் ஒரு குச்சியில் கட்டுங்கள். முதல் நாலைந்து நாள் தண்ணீர் வேண்டாம், பிறகு தெளித்தால் போதும். மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடித்திருக்கும். லேசாக இழுத்துப் பார்த்தால் கையை எதிர்க்கும்.

மண்கலவை: இங்கேதான் செடியின் ஆயுள் இருக்கிறது

வண்டல் மண் நெல்லுக்குத் தங்கம். இந்தச் செடிக்கு அது ஆகாது. மழையில் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும், கோடையில் பாளம் பாளமாக வெடித்து வேரை அறுக்கும். தொட்டிக்குள் ஒரு பிடி வயல்மண்கூடப் போடத் தேவையில்லை.

நமக்குத் தேவையானது எல்லாம் தென்னந்தோப்பிலேயே கிடைக்கிறது. தேங்காய் மட்டையைக் கட்டைவிரல் அளவுத் துண்டுகளாக வெட்டி இரண்டு பங்கு எடுங்கள். மட்கிய இலையுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, உடைத்த செங்கல் ஜல்லி ஒரு பங்கு, அடுப்புக்கரித் துண்டு அரைப் பங்கு. மட்டைத் துண்டு கிடைக்காவிட்டால் தென்னை நார்க்கழிவு. ஆனால் அது தண்ணீரை அதிகம் பிடித்துவைக்கும் என்பதால் செங்கல்லைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மட்டையையும் நார்க்கழிவையும் அப்படியே பயன்படுத்தக்கூடாது, அவற்றில் உப்பு இருக்கும். ஒரு வாளியில் ஊறவைத்தால் தண்ணீர் டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு மாறும். அதைக் கொட்டிவிட்டு மறுபடி ஊறவையுங்கள். தண்ணீர் ஓரளவு தெளியும்வரை இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீரே உப்பாக இருக்கும் வீடுகளில் கடைசி அலசலுக்காவது மழைநீரோ ஆற்றுநீரோ வேண்டும்.

கலவை சரியா என்று பார்க்க எளிய சோதனை: தொட்டியை நிரப்பி, செடி வைக்கும் முன் ஒரு சொம்புத் தண்ணீரை மளமளவென ஊற்றுங்கள். மேலே குளம் கட்டாமல் உடனே இறங்கி, சில நொடிகளில் அடியில் கொட்டத் தொடங்க வேண்டும். மேலே தேங்கி நின்றால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள்.

தொட்டி சிறிதாக இருப்பது நல்லது. பிரம்ம கமலத்துக்கு 10 அங்குலம், மிஞ்சினால் 12. வேர் தொட்டியை நெருக்கிய பிறகே நன்றாகப் பூக்கும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத ஈரம் தங்கி அழுகலைக் கொண்டுவரும். மண்தொட்டி மிகவும் நல்லது. அடித்தட்டு வேண்டவே வேண்டாம். தரையோடு வைக்காமல் இரண்டு செங்கல் கொடுத்துத் தூக்கி வையுங்கள்.

ஏற என்ன கொடுப்பது

கொல்லையில் பூவரசோ மாமரமோ வேம்போ இருந்தால் கிராண்டிஃபுளோரஸும் டெரான்தஸும் அதன் மேல் ஏறட்டும். பூவரசின் சொரசொரப்பான பட்டை காற்றுவேருக்கு நல்ல பிடி. நடும் இடம் மரத்தின் கிழக்கு அல்லது வடக்குப் பக்கமாக இருக்கட்டும், மேற்கு வெயில் தண்டை வெளுக்கவைத்துவிடும். மரத்தடியில் குழி தோண்டாதீர்கள். செங்கல் ஜல்லியைக் கொட்டி ஒரு அடி உயரத்துக்கு மேடு கட்டி, மேலே சொன்ன கலவையை அதன் மேல் போட்டு நடுங்கள். அடைமழையில் கொல்லையில் தண்ணீர் நின்றாலும் வேர் அதற்கு மேலே இருக்கும்.

தண்டை மரத்தோடு கட்ட வாழைநாரைவிட நல்லது எதுவுமில்லை. பிளாஸ்டிக் கயிறும் கம்பியும் தண்டு பருக்கும்போது அறுத்துவிடும். வாழைநார் தானாக மட்கி விழும், அதற்குள் காற்றுவேர் பட்டையைப் பிடித்திருக்கும்.

தென்னையில் ஏற்ற வேண்டாம். செடி உயரத்துக்குப் போய்விட்டால் பூவைக் கழுத்து வலிக்கத்தான் பார்க்க வேண்டும். தவிர, 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது தென்னைகள் எப்படிச் சாய்ந்தன என்பது இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. முருங்கையும் வேண்டாம், அதன் கிளை லேசான பாரத்துக்கே முறியும்.

டிராகனுக்கு மரம் போதாது, பாரம் தாங்காது. 5 முதல் 6 அடி உயரக் கல்தூண் நட்டு, உச்சியில் பழைய வண்டி டயரைப் பொருத்துவார்கள். ஒரே தண்டை உச்சிவரை ஏற்றி, பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டு, டயருக்கு மேலே போனதும் நுனியை வெட்டினால் நாலாபுறமும் கிளைத்துத் தொங்கும். தொங்கும் தண்டுகளில்தான் பூ.

பிரம்ம கமலத்துக்குத் தாழ்வாரக் கம்பமோ ஜன்னல் கம்பியோ சாய்ந்துகொள்ளக் கிடைத்தால் போதும்.

வெயில், தண்ணீர், உரம்

காலை 9 மணிவரை இளவெயில், அதன்பின் நிழல் என்பதே நல்ல கணக்கு. சித்திரை, வைகாசியில் 50 சதவீத நிழல்வலை கட்டாயம். தண்டு மஞ்சள் பாய்ந்தால் வெயில் அதிகம், மெலிந்து வெளிறி நீண்டால் வெளிச்சம் போதவில்லை. இருட்டு மூலையில் செழிப்பாக நிற்கும் செடி வருடக்கணக்கில் பூக்காது.

தண்ணீரை மாலையில் ஊற்றுங்கள். இந்தக் குடும்பச் செடிகள் பகலில் தங்கள் துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறந்து கரியமில வாயுவை எடுக்கின்றன. கோடையில் மேல்கலவை ஒரு விரற்கணு ஆழத்துக்குக் காய்ந்ததும் ஊற்றலாம். மார்கழி, தையில் வாரம் ஒரு முறையே அதிகம்.

உரம் என்றால் குறுவைக்கு மேட்டூர் திறக்கும் ஜூன் 12ஐ ஒட்டித் தொடங்குங்கள் என்று சொல்வேன், நினைவில் நிற்கும். தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு 1 கிராம் வீதம் கரைத்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை, புரட்டாசியோடு நிறுத்திவிடலாம். கடலைப்புண்ணாக்குக் கரைசலை அடிக்கடி ஊற்றினால் தழைச்சத்து ஏறித் தண்டு தண்டாகப் போகும், மொட்டு வராது. வயலுக்கு வாங்கிய பொட்டாஷைத் தொட்டியில் போடாதீர்கள். அதிலுள்ள குளோரைடு சிறிய தொட்டியில் தங்கி வேரைச் சுடும்.

மொட்டிலிருந்து பூவரை

டெல்டாவில் பிரம்ம கமலத்துக்கு ஆனி முதல் புரட்டாசிவரை பருவம். தண்டோரத்துப் பள்ளத்தில் சிவந்த சிறு முனை தெரிந்தால் அது மொட்டாகவும் இருக்கலாம், புதுத்தண்டாகவும் இருக்கலாம். சில நாளில் காம்பு நீண்டு நுனி உருண்டால் மொட்டுதான். அன்றிலிருந்து தொட்டியை நகர்த்தாதீர்கள், திருப்பவும் வேண்டாம். இடம் மாறினாலும், ஒருநாள் காய்ந்து மறுநாள் வெள்ளமாக ஊற்றினாலும் மொட்டு மஞ்சளாகி உதிரும். எறும்பு ஏறினால் உடனே பாருங்கள், அது மாவுப்பூச்சியை மேய்க்க வந்திருக்கும்.

மொட்டு மூன்று நான்கு வாரம் தொங்கிக்கொண்டே வளரும். கடைசி நாட்களில் காம்பு தூண்டில் முள்ளாக வளைந்து, நுனி மேல்நோக்கி நிமிரும். பிறகு நுனி பருத்து, வெளிப்புறச் செம்பழுப்பு இதழ்கள் சற்றே விலகி நடுவில் வெள்ளை தெரியும். அன்று இரவு பூக்கும் என்று தெருவில் சொல்லிவிடலாம்.

மாலை ஏழு, எட்டு மணிக்குத் தொடங்கும். முதலில் மெல்லிய வெளியிதழ்கள் பின்னுக்கு மடியும். வாய் காசளவு திறந்ததுமே மணம் வந்துவிடும். அருகில் உட்கார்ந்து பார்த்தால் இதழ்கள் விட்டுவிட்டு அதிர்வதைக் கண்ணால் காணலாம். பத்து, பதினொரு மணிக்கு முழுதாக விரியும். உள்ளே கற்றை கற்றையாக மகரந்தத் தாள்கள், அவற்றுக்கு மேலே பல கதிர்களாகப் பிரிந்த வெள்ளைச் சூல்முடி. விடிவதற்குள் மூடித் துவண்டுவிடும். பூவை மின்விளக்கில் பார்ப்பதைவிட அகல்விளக்கு ஏற்றிவைத்துப் பாருங்கள். கற்பூரம் காட்டும் வீடுகளில் தீபத்தைச் சற்றுத் தள்ளிக் காட்டினால் நல்லது, சூடு இதழில் பட்டால் உடனே கருகும்.

பிரம்ம கமலம் தன் மகரந்தத்தால் பெரும்பாலும் காய்க்காது. பழம் வேண்டும் என்றால் டிராகனைத்தான் நம்ப வேண்டும். வெள்ளைச் சதை வகைகள் பல தம் மகரந்தத்தையே ஏற்கும், சிவப்புச் சதை வகைகள் பலவற்றுக்கு வேறு செடியின் மகரந்தம் தேவை. சொந்தக் காட்டில் வௌவாலும் நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பெரிய அந்துப்பூச்சியும் செய்யும் வேலையை இங்கே மெல்லிய தூரிகையால் நாமே செய்யலாம். இரவு ஒன்பதுக்கு மேல், ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொன்றின் சூல்முடியில் தடவுங்கள். 30 முதல் 35 நாளில் பழம் பழுக்கும்.

அடைமழைக்கு முன்

புரட்டாசிக் கடைசியில் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்குள் கொண்டுவந்துவிடுங்கள். மரத்தில் ஏறியவற்றுக்கு அடிமேட்டை ஜல்லியால் உயர்த்தி, சுற்றி வாய்க்கால் வெட்டி, தண்ணீர் வெளியேற வழி செய்யுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் தொங்கும் தொட்டிகளை இறக்கிச் சுவரோரம் வையுங்கள்.

மழை விட்ட ஒவ்வொரு நாளும் அடித்தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால், நீர்கோத்து மஞ்சள் பளபளப்பு தெரிந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. மருந்து தேடி நேரத்தை வீணாக்காமல், பச்சை மட்டும் தெரியும் இடம்வரை மேலே வெட்டுங்கள். வெட்டுவாயில் பழுப்பு வளையம் தெரிந்தால் இன்னும் மேலே. நல்ல பகுதியைக் காயவைத்துப் புதிதாக வேர்பிடிக்க வைக்கலாம். டிராகன் தண்டில் ஆரஞ்சுப் புள்ளிகள் தோன்றிக் குழிந்து பரவினால் அது பூஞ்சைப் புண். அந்தப் பகுதியை வெட்டி எரித்து, கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்து, காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்துத் தெளியுங்கள்.

மாவுப்பூச்சிக்கு லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயோடு சில சொட்டுச் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் அடிக்கலாம். நத்தையை இரவில் டார்ச் அடித்துக் கையால் பொறுக்குவதே வழி. இளநுனியை ஒரே இரவில் மொட்டையடித்துவிடும்.

வருடங்கள் போயும் பூக்கவில்லை என்றால்

துண்டிலிருந்து பிரம்ம கமலம் பூக்க இரண்டு மூன்று வருடம் ஆகலாம். கிராண்டிஃபுளோரஸ் அதற்கும் மேல். அதன் தண்டுகள் சில மீட்டர் நீண்ட பிறகே பூக்கும் என்பதால் நீளுகிறதே என்று வெட்டிக்கொண்டே இருந்தால் பூவுக்கு வழியில்லை. அந்த வயதும் தாண்டிவிட்டால் முதலில் இடத்தைப் பாருங்கள், இரண்டு மணி நேரக் காலை வெயில் படும்படி மாற்றுங்கள். அடுத்து, தொட்டி பெரிதாகிவிட்டதா என்று பாருங்கள். மூன்றாவதாக, மார்கழி, தை இரண்டு மாதமும் உரத்தை நிறுத்தித் தண்ணீரைக் குறைத்துச் செடியை ஓய்வில் விடுங்கள். தண்டு லேசாகச் சுருங்கினாலும் கவலை வேண்டாம், மாசியில் வழக்கம்போல் தண்ணீர் ஊற்றினால் நிமிர்ந்துவிடும். பூத்து முடிந்த தண்டுகளை உடனே வெட்டாதீர்கள், அதே தண்டின் மற்றப் பள்ளங்களில் அடுத்த வருடம் மொட்டு வரும். எல்லாப் பள்ளங்களும் பூத்துத் தீர்ந்து முற்றிப்போன தண்டை மட்டும் மாசியில் அடியோடு எடுத்துவிட்டால், அந்த இடத்தில் புதுத்தண்டு வரும்.